இறுகும் ஈரல், எஞ்சியிருக்கும் காலம்

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிரோசிஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் வீடுகளில் இரண்டு முடிவுகள் உடனே எடுக்கப்பட்டுவிடுகின்றன. குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்பது ஒன்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. ஒரு சொட்டு மது அருந்தாதவர்களுக்கும், பால்குடி மாறாத குழந்தைகளுக்கும்கூட இந்த நோய் வந்திருக்கிறது. ஆகவே முதல் முடிவு அவசரமானது. இரண்டாவது, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்காமலேயே எடுக்கப்படுவது. கல்லீரல் இறுகத் தொடங்கியதற்கும் உடல் அதைத் தாங்க முடியாமல் போவதற்கும் இடையே பல ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளில் செய்யக்கூடியவை ஏராளம். வெட்கத்தாலும் பத்தியத்தாலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற தள்ளிப்போடலாலும் நாம் இழப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு, குடலையும் இரைப்பையையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக வந்து சேர்வது. உண்ட உணவின் சத்து, மருந்து, நஞ்சு எல்லாம் இந்த வழியில்தான் கல்லீரலுக்குள் நுழைகின்றன. செல்களுக்கு மீண்டும் மீண்டும் காயம் ஏற்படும்போது, வழக்கமாக வைட்டமின் 'ஏ'யைச் சேமித்துவைக்கும் ஸ்டெல்லேட் செல்கள் இயல்பு மாறிக் கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. காயம் ஆற்றும் வேலைதான் அது. காயம் நிற்காததால் அந்த வேலையும் நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நார் சேர்ந்து, நடுவே எஞ்சிய செல்கள் முண்டு முண்டாக வளர்ந்து, மிருதுவாக இருந்த உறுப்பு கரடுமுரடாக இறுகிப்போகிறது. பிரெஞ்சு மருத்துவர் லேனக் 1819இல் இந்த நிலைக்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டார்.

வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலில் பாய்வதுபோல, இறுகிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் வேறு வழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய குழாய்கள் புடைக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது, வயிற்றறைக்குள் நீர் கசிகிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்த வேறுபாடு இயல்பில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். 10 என்பது சிக்கல்கள் தொடங்கும் எல்லை. 12ஐத் தாண்டினால் புடைத்த குழாய் வெடித்து ரத்தவாந்தி வரக்கூடும். சிரோசிஸ் நோயாளிகள் பலரின் உயிருக்கு ஆபத்து வருவது ஈரல் 'வேலை செய்யாமல்' போவதால் மட்டுமல்ல, இந்த அழுத்தத்தாலும்தான். சிகிச்சை முழுவதையும் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் போதும்.

காரணங்களில் மதுவுக்கு முதலிடம் தருவதில் தவறில்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே தனியுரிமையாக நடத்தும் மாநிலம் தமிழ்நாடு. கல்லீரல் வார்டுகளில் படுத்திருப்போரில் உழைக்கும் வயது ஆண்களே மிகுதி. நம் ஊரில் அளவு பற்றிய பேச்சே சரியாக நடப்பதில்லை. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம். "பீர் மட்டும்தான்" என்பவர் நாளுக்கு இரண்டு பாட்டில் குடித்தால் அது ஒரு குவார்ட்டரைவிட அதிகம். பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே ஈரல் கெடும். உடல் பருமனோ ஹெபடைடிஸ் கிருமியோ கூட இருந்தால் கேடு பன்மடங்காகும்.

ஆனால் மதுவோடு நிறுத்திக்கொண்டால் இந்த நோயின் வரலாற்றில் மிகத் துயரமான அத்தியாயம் விடுபட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகள் வயிறு உப்பி, ஈரல் கல்போல் கெட்டியாகி இறந்துகொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பிள்ளைகள் போனதுண்டு. இந்தியக் குழந்தை சிரோசிஸ் என்றே அதற்குப் பெயர். அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறிப் படிந்திருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ சின்ன வயதிலேயே ஊட்டப்பட்ட மாட்டுப்பால், எருமைப்பால் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைக்கப்பட்டதுதான் வழி என்று, புனே மருத்துவர்களோடு இணைந்து ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் டேனர் 1983இல் 'லான்செட்' இதழில் எழுதினார். செம்பு பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்; உடலில் சேர்ந்த செம்பை வெளியேற்றுவது பித்தநீர்; கைக்குழந்தையின் ஈரலுக்கு அந்தத் திறன் போதாது. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியிலும் செம்புப் பாத்திரப் பாலால் 1900க்கும் 1974க்கும் இடையே 138 குழந்தைகள் இதேபோல் இறந்தது பின்னர் தெரியவந்தது. மரபுக் காரணமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. எப்படியாயினும், அடுப்படிக்கு எவர்சில்வர் வந்து பித்தளை போன பிறகு நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. தெருவில் ஈயம் பூச வருபவரிடம் பால் பாத்திரத்தையும் கொடுத்து வாங்கிய பாட்டிமார் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு செம்பு கசிவதைத் தடுக்கும். செம்புக் குடுவைகள் மறுபடியும் வீடுகளுக்கு வரும் இந்நாளில், பாலையும் மோரையும் புளிப்பான எதையும் அவற்றில் வைக்கக் கூடாது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி கிருமியால் வரும் சிரோசிஸ் வேறு வகை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாள் தொற்றாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் சுமார் ஐந்து பேருக்குத்தான் தங்கும். நாற்பது வயதில் ஈரல் இறுகி வருகிறவர் பிறந்த அன்றே தொற்றைப் பெற்றிருக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி இவ்வளவு முக்கியமாவது அதனால்தான். ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. அதில் ஹெபடைடிஸ் பி அடக்கம்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் நம்மூரில் காமாலையைப் பேச முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் உள்ளிட்ட குழு, 1988இல் 'லான்செட்'டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. நம் மூலிகை ஒன்று முறையான சோதனைக்கு உட்பட்டது பெருமைக்குரியது. அந்தச் சோதனையின் முழு விடையையும் ஏற்பதும் அதே பெருமையின் பகுதி. ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் கொடுத்த எந்த மருந்துக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. அதை நம்பிச் சிரோசிஸ் நோயாளி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் பொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே இறுகிய ஈரலுக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சூரணமும் லேகியமும் தாங்க முடியாத சுமை.

இன்று வேகமாகப் பெருகுவது கொழுப்புக் கல்லீரல். சென்னையில் நீரிழிவு மருத்துவர் மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. பெரும்பாலோருக்கு அது அத்துடன் நின்றுவிடும். சர்க்கரை நோயும் தொந்தியும் சேர்ந்த சிலருக்குத்தான் அழற்சியாகி, நாராகி, இருபது முப்பது ஆண்டுகளில் சிரோசிஸாகிறது. இன்னொரு காரணமான ஹெபடைடிஸ் சிக்கு இன்று 12 வார மாத்திரைகளே போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குக் கிருமி முற்றிலும் நீங்கிவிடுகிறது. செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய், பித்தக்குழாய் நோய்கள், கல்லீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை அரிதானவை. ஆயினும் இளம் வயதில் சிரோசிஸ் என்றால் இவற்றைத் தேடியே ஆகவேண்டும். பலவற்றுக்கு மருந்து உண்டு.

இறுகிய ஈரல் ஏன் இவ்வளவு காலம் பிடிபடாமல் இருக்கிறது? வலிக்காது என்பதே காரணம். எஞ்சிய செல்கள் வேலையைச் சமாளித்துவிடும். பிலிருபின்கூட இயல்பாக இருக்கும். ஆனால் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே தடயம் கிடக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. எண்ணால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஃபிப்-4 என்று பெயர். 52 வயதுக்காரர் ஒருவரின் எஸ்.ஜி.ஓ.டி. 64, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 1.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்க வேண்டும், அதாவது 110. 52ஐ 64ஆல் பெருக்கினால் 3328, 110ஐ 7ஆல் பெருக்கினால் 770, வகுத்தால் 4.3. இந்த எண் 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67க்கு மேல் போனால் நார் வெகுவாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு. மேலே சொன்னவர் "கொஞ்சம் ஃபேட்டி லிவர், எண்ணெயைக் குறைங்க" என்ற அறிவுரையோடு அனுப்பப்படக் கூடாதவர். ஈரலின் இறுக்கத்தை ஊசி குத்தாமல் அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அவர் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் ஒவ்வொரு கிளினிக்கிலும் இந்தக் கணக்கு வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடுதல் செலவு எதுவும் இல்லை. அந்த எண்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

கட்டத்தின் முக்கியத்துவம் எவ்வளவு என்றால், சிக்கல் எதுவும் தோன்றாத சிரோசிஸில் சராசரி ஆயுள் 12 ஆண்டுகளுக்கு மேல் என்றும், நீர்கோப்பு, ரத்தவாந்தி, மூளைக்குழப்பம், காமாலை ஆகியவற்றில் ஒன்று வந்துவிட்டால் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் குறைகிறது என்றும் பழைய ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. ஒரே பெயர் கொண்ட நோய்க்குள் இவ்வளவு தூரம்.

இறுகியது இளகுமா? இளகாது என்றுதான் நெடுங்காலம் கற்பித்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு ஒன்று அதை மாற்றியது. ஹெபடைடிஸ் பியால் சிரோசிஸ் வந்த 96 பேர் ஐந்தாண்டுகள் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்ட பிறகு ஈரலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, 71 பேருக்குச் சிரோசிஸ் நிலையே இல்லை. அந்த மாத்திரை தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் இலவசமாகத் தரப்படுகிறது. எல்லோருக்கும் இப்படி இளகிவிடாது. நார் தடித்துப்போன முற்றிய ஈரல் திரும்புவதில்லை. எனினும் காரணத்தை நிறுத்தினால் கேடு நிற்கும், பலருக்குப் பின்வாங்கும் என்பது இப்போது ஐயத்துக்கு இடமில்லாதது.

மதுவுக்கும் இது பொருந்தும். வயிற்றில் நீர் கோத்த பிறகும் குடியை நிறுத்தியவர்கள் சில மாதங்களில் நீர் வற்றி, வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் "விடு" என்று சொன்னால் விட்டுவிட முடிவதல்ல குடிநோய். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டும். மனநல மருத்துவரும் ஈரல் மருத்துவரும் ஒரே கூரையின்கீழ் பார்க்கும் ஏற்பாடு நம் மாவட்ட மருத்துவமனைகளில் வந்தே தீர வேண்டும். நோயாளியை அவமானப்படுத்திப் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவரை அடுத்த முறை வரவிடாமல் தடுக்கிறது.

இனிப் பராமரிப்பு. அழுத்தத்தைக் குறைக்கக் கார்வெடிலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. இதய நோய்க்கானவை என்று எண்ணிச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தவாந்தியைத் தடுக்கவும், உரிய நேரத்தில் தொடங்கினால் நீர்கோப்பைத் தள்ளிப்போடவும் அவை உதவுகின்றன. ரத்தக்குழாய் பெரிதாகப் புடைத்திருந்தால் எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் மாட்டுவார்கள். மலம் தார்போல் கறுத்தாலும் வாந்தியில் ரத்தம் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

நீர்கோப்புக்கு அடிப்படை மருந்து உப்புக் குறைப்பு. நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி, 5 கிராம். குழம்பில் போடும் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் மிக்ஸர் ஆகியவற்றில்தான் அது ஒளிந்திருக்கிறது. இந்துப்பும் சோடியம் உப்பே. சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தப் பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு ஏறலாம். வயிறு இறுகி மூச்சு முட்டும்போது ஊசி செலுத்தி நீரை எடுப்பார்கள். மெல்லிய குழாய் வழியே இளமஞ்சள் நீர் வடிந்து பாட்டில் பாட்டிலாக நிறைவதைப் பார்க்கிற உறவினர்கள் சத்தெல்லாம் போய்விடுகிறதே என்று பதறுகிறார்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் ஏற்றுவது அந்த இழப்பை ஈடுசெய்யத்தான். மருத்துவமனையில் சேரும்போதெல்லாம் அந்த நீரில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்; காய்ச்சலே இல்லாமல் தொற்று இருக்கக்கூடும்.

பத்தியத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். உப்பில்லாக் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுத்து, முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தும் வழக்கம் நோயாளியை வேகமாகக் கரைக்கிறது. இறுகிய ஈரலால் சர்க்கரையைச் சேமிக்க முடிவதில்லை. ஓர் இரவுப் பட்டினியே நல்ல உடல்நிலை உள்ளவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். உடல் தன் தசையைத் தின்னத் தொடங்கும். கன்னம் ஒட்டி, தோள் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்து நிற்கும் உருவம் அப்படித்தான் உண்டாகிறது. நீரின் எடையைக் கழித்து, உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் எல்லாம் தட்டில் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலும் பாலுமோ கொடுப்பது மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டிய அளவுக்கு முக்கியம். உப்பைக் கடுமையாகக் குறைத்து அவர் சாப்பாட்டையே வெறுத்தால் லாபத்தைவிட நஷ்டம் பெரிது. எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, இஞ்சி கொண்டு ருசியைக் காப்பாற்றலாம்.

வீட்டாரை மிகவும் புண்படுத்தும் சிக்கல் மூளைக்குழப்பம். குடலில் உண்டாகும் அம்மோனியா ஈரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகிறது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. சட்டைப் பொத்தானைத் தாறுமாறாகப் போடுவது. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாமல் திரும்புவது. நீட்டிய கை படபடவென அசைவது. "மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டியா?" என்று மனைவி கேட்கிறார். குடியை விட்டு ஓராண்டான மனிதருக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை. மலச்சிக்கல், தொற்று, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, நீர் மாத்திரை மிகுதி, தூக்க மாத்திரை ஆகியவையே பெரும்பாலும் தூண்டுகோல். லாக்டுலோஸ் மருந்தை, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகும் அளவில் கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும். இந்த நிலை உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் சிறுநீரகத்தையே நிறுத்திவிடக்கூடும். மருத்துவர் சொல்லி, நாளுக்கு 2 கிராமுக்குள் பாராசிட்டமால்தான் பாதுகாப்பானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் அவசியம். சிரோசிஸில் கல்லீரல் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். சிறியதாக இருக்கும்போது கண்டால் அகற்றிவிடலாம்.

சிக்கல்கள் தொடங்கிவிட்டால், மாற்று அறுவை சிகிச்சை பற்றிய பேச்சும் அன்றே தொடங்க வேண்டும். பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் மெல்ட் எண் 15ஐத் தொட்டால் மாற்றுக்குப் பரிந்துரைப்பது வழக்கம். அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் 1963இல் டென்வரில் செய்த உலகின் முதல் கல்லீரல் மாற்று முயற்சி தோற்றது. 1998 நவம்பரில் தில்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிகிச்சை நடந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலின் பகுதியைக் கொடுத்தார். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவர் தம்பதி மூளைச்சாவடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்த பிறகு தமிழ்நாட்டில் உறுப்புதானம் ஓர் இயக்கமாகவே ஆனது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஆனாலும் இந்தியாவில் பெரும்பான்மை மாற்றுகள் உயிரோடு இருக்கும் உறவினர் கொடுப்பவை. கொடுப்போரில் மனைவியரும் தாய்மாரும் மிகுதி. கணவனுக்காக மனைவி படுக்கும் அளவுக்கு மனைவிக்காகக் கணவன் படுப்பதில்லை என்ற உண்மையை மருத்துவர்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கொடுக்கும் பெண்ணைத் தனியே அழைத்து விருப்பம் கேட்பது சடங்காகிவிடக் கூடாது.

மாற்று சாத்தியமில்லாதவர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களை "கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது. அரிப்புக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து உண்டு. நீரை எடுக்க வாரம் ஒரு நாள் பகல்நேரப் படுக்கை ஒதுக்கினாலே பாதி அவதி தீரும். வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் புற்றுநோயாளிகளோடு இவர்களையும் பார்க்கலாம். காரணம் ஹெபடைடிஸ் பி என்றால் அதே வருகையில் உடன்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியும் இருப்பவர்களுக்கு மாத்திரையும் தொடங்கிவிட முடியும்.